பொது யந்திரத்தின் சாவி

தபாலாபீஸில் பொதுஜன உபயோகத்துக்கென்று வைத்த பேனாவை நூல் போட்டு மேஜையோடு கட்டியிருப்பார்கள். தண்ணீர்ப் பந்தலில் டம்ளருக்குச் சங்கிலி. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். மனிதனை இப்படியா நம்பிக்கையில்லாமல் நடத்துவது என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த நூல் என்னைச் சந்தேகித்துக் கட்டியதன்று. எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவனை உத்தேசித்துக் கட்டியது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

நூலகத்திலும் ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் வந்து உட்கார்ந்துவிட்ட பொதுக் கம்ப்யூட்டர்களுக்கும் இப்படி ஒரு நூல் உண்டு. யார் வேண்டுமானாலும் அதை உபயோகிக்கலாம். யாரும் அதை மாற்றிவிட முடியாது. ஆனால் பேனாவுக்கு மை ஊற்றினால் போதும். கம்ப்யூட்டருக்கு மாதந்தோறும் மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஓடுகிற ஸாஃப்ட்வேரில் ஓயாமல் புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. செய்த கம்பெனி அவற்றை அடைக்க 'அப்டேட்' அனுப்புகிறது. எதையும் மாற்றக் கூடாது என்று பூட்டிய யந்திரத்துக்குள் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் எப்படி அனுமதிப்பது? அதைத் திறக்கும் சாவி யார் கையில் இருப்பது? ஐம்பது வருஷச் சரித்திரம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

1973-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து இசைத்தட்டுக் கடை ஒன்றின் மாடிப்படி அருகே ஒரு டெலிடைப் யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'கம்யூனிட்டி மெமரி' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். வழிப்போக்கர்கள் அதில் விளம்பரம் தட்டலாம். பிறர் தட்டியதைத் தேடிப் படிக்கலாம். வாத்தியக்காரர்கள் கூட வாசிக்க ஆள் தேடினார்கள். பயன்படுத்தத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார். பொதுஜனங்கள் கை வைத்த முதல் கம்ப்யூட்டர் ஏற்பாடுகளில் இது ஒன்று.

ஆனால் மக்கள் கை வைத்தது கம்ப்யூட்டரின் மீதன்று, அதன் வாலின் மீது! உண்மையான கம்ப்யூட்டர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஓர் அறைக்குள் இருந்தது. டெலிபோன் கம்பி வழியாக இரண்டும் பேசிக்கொண்டன. மாடிப்படி யந்திரத்தில் திருத்த ஒன்றுமில்லை, கெடுக்கவும் ஒன்றுமில்லை. திருத்த வேண்டியதை அறைக்குள் இருந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். மூளையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வாயை மட்டும் கடைத்தெருவுக்கு அனுப்பியது போன்ற ஏற்பாடு. பூட்டுப் பிரச்னை அப்போது பிறக்கவே இல்லை.

மூளையும் கடைத்தெருவுக்கு வந்த பிறகுதான் பிறந்தது. 1990-களில் தனித்தனியே மூளையுள்ள பெர்ஸனல் கம்ப்யூட்டர்கள் நூலகங்களுக்கு வந்தன. 1997-ல் பில் கேட்ஸ் தம்பதிகள் தொடங்கிய தர்ம ஸ்தாபனம் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 11,000 நூலகங்களுக்கு 40,000-க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அளித்தது. அளித்த கை அளித்துவிட்டது. காலையில் கதவைத் திறக்கிற நூலகருக்கல்லவா கஷ்டம் தெரியும்? ஒரு பையன் திரையின் படத்தை மாற்றியிருப்பான். இன்னொருவன் விளையாட்டு ஒன்றை ஏற்றியிருப்பான். மூன்றாவது ஆள் ஒன்றும் அறியாமல் எதையோ அழுத்த, முக்கியமான ஃபைல் ஒன்று மறைந்திருக்கும். மூன்று நாளில் யந்திரம் சத்திரத்துத் திண்ணை மாதிரி ஆகிவிடும்.

இதற்கு ஒரு சாமர்த்தியமான பரிகாரம் கண்டுபிடித்தார்கள். கனடா நாட்டு ஃபாரானிக்ஸ் கம்பெனி 1990-களின் கடைசியில் கொண்டுவந்த 'டீப் ஃப்ரீஸ்' அந்த வகையில் பெயர் பெற்றது. உறைய வைப்பது என்று அர்த்தம். நீங்கள் செய்கிற மாற்றத்தை அது தடுக்காது. எழுது, அழி, கலை, கவிழ் என்று விட்டுவிடும். ஆனால் நீங்கள் எழுதுவதெல்லாம் அசல் ஏட்டில் ஏறுவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிகத் தாளில் ஏறுகிறது. யந்திரத்தை அணைத்துத் திரும்பப் போட்டால் தாள் குப்பைக்குப் போய்விடும். அசல் ஏடு அப்படியே இருக்கும். 2000-க்குப் பிறகு நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு முளைத்த பிரௌஸிங் சென்டர்களிலும் இந்த வித்தையைக் காணலாம். ப்ளஸ் டூ ரிஸல்ட் பார்க்க வந்த நூறு பேரின் கை பட்ட யந்திரம், ஸ்விட்சை ஒரு தரம் அணைத்துப் போட்டதும் அன்றுதான் வாங்கினாற் போல நிற்கும். கடைக்காரருக்கு எத்தனை நிம்மதி!

நிம்மதிக்கு ஒரு விலை இருந்தது. தீமையை மறக்கிற யந்திரம் நன்மையையும் மறந்துவிடுகிறது. பகலில் அது தானே இன்டர்நெட்டில் போய் அப்டேட்டை இறக்கி ஏற்றிக்கொண்டாலும், மறுநாள் காலையில் அது நினைவிராது. மருந்து சாப்பிட்டதும் மறந்துபோகும், நோயும் தீராது. ஆகவே பொறுப்பாளர் ஒவ்வொரு யந்திரமாக உட்கார்ந்து உறைவை நீக்கி, மறுபடி துவக்கி, அப்டேட்டை ஏற்றி, பரிசோதித்து, திரும்ப உறைய வைத்து, இன்னொரு தரம் துவக்க வேண்டும். இருபது யந்திரம் இருந்தால் ஒரு நாள் போய்விடும். இந்த வேலையை 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போடாத மனிதர் இருந்தால் அவர் மகான்.

தள்ளிப் போட்டவர்களுக்கெல்லாம் 2003-ம் வருஷம் பாடம் கற்பித்தது. விண்டோஸில் இருந்த பெரிய ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோஸாஃப்ட் ஜூலை 16-ந் தேதி மருந்து வெளியிட்டது. இருபத்தாறு நாள் கழித்து, ஆகஸ்டு 11-ந் தேதி, அதே ஓட்டை வழியாக 'பிளாஸ்டர்' என்ற புழு கிளம்பியது. புழு என்பது வைரஸுக்குப் பங்காளி. யாரும் எதையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கம்பியில் இணைந்திருந்தாலே போதும், தானாக ஊர்ந்து வந்துவிடும். பிடிபட்ட யந்திரங்களில் பல, அறுபது விநாடி எண்ணிவிட்டுத் தாமாகவே அணைந்து மறுபடி எழுந்தன. மேரிலாண்டு மாநிலத்தில் மோட்டார் வாகன அலுவலகங்கள் மறுநாள் கதவைச் சாத்த நேர்ந்தது.

உறைய வைத்த யந்திரங்களின் கதியை எண்ணிப் பாருங்கள். அணைத்துப் போட்டால் புழு ஒழிந்துவிடும், ஓட்டை ஒழியாது. சுத்தமாகக் கண் விழிக்கும். சில நிமிஷத்தில் மறுபடி கடிபடும். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் மருந்தை மறந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யார் எடுத்துச் சொல்ல முடியும்?

அந்தப் புழுவின் கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டு 16-ந் தேதி முதல் அது மைக்ரோஸாஃப்டின் அப்டேட் விலாசத்தையே முற்றுகையிட வேண்டும் என்று அதற்குள் எழுதியிருந்தது. ஊரில் காலராவைப் பரப்பிவிட்டு, மருந்துக் கடை வாசலில் கல்லையும் போட்டு அடைப்பது போல! கம்பெனி அந்த விலாசத்தையே கைவிட்டுத் தப்பித்தது. இந்த அமர்க்களத்தில் இன்னொரு புழுவும் வந்தது. 'நாச்சி' என்பது அதன் பெயர். பிளாஸ்டரைக் கொன்று, ஓட்டையை அடைக்கும் அப்டேட்டையும் தானே இறக்கி ஏற்றிவைப்பதுதான் அதன் உத்தியோகம்! யாரும் அழைக்காமல் வீடு புகுந்து ஊசி போடுகிற டாக்டர் என்று சொல்லலாம். நெரிசலில் கம்பிகள் திணறின. ஏர் கனடா விமானக் கம்பெனியின் பிரயாணிகள் கவுண்ட்டரில் காத்துக் கிடந்தார்கள். இரண்டு வங்கிகளின் ஏ.டி.எம். யந்திரங்களுக்குள்ளேயே அது புகுந்துவிட்டது. நல்ல காரியமாகவே இருந்தாலும், உடையவனைக் கேளாமல் செய்தால் அது திருட்டோடுதான் சேரும். இந்த 'நல்ல' புழுவை நினைக்கும்போதெல்லாம், சாவி என்ற விஷயத்தில் எண்ணம் மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அக்டோபரிலிருந்து மைக்ரோஸாஃப்ட் ஒரு நியமம் வைத்தது: ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வரும். நாள் குறித்தாகிவிட்டது, இனிக் கதவை யார் திறப்பது? 2005-ல் ஓர் இலவசக் கருவிப் பெட்டியையும், 2007-ல் அதன் வளர்ச்சியாக 'விண்டோஸ் ஸ்டெடிஸ்டேட்' என்பதையும் அதே கம்பெனி வெளியிட்டது. நூலகங்களையும் பள்ளிகளையும் உத்தேசித்துச் செய்தது அது. குறித்த நேரத்தில், பெரும்பாலும் நடுநிசியில், அது வேலை தொடங்கும். முதலில் யந்திரத்தை அணைத்துப் போட்டுப் பகலின் குப்பையை உதறும். பிறகு யாரும் உள்ளே வராதபடி கதவைத் தாழிடும். அதன் பின் அப்டேட்டை இறக்கி ஏற்றும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் அசல் ஏட்டில் பதியவைத்துத் திரும்பவும் பூட்டிக்கொள்ளும். டீப் ஃப்ரீஸும் இதே மாதிரி இரவு நேரம் குறித்துக்கொள்ள வழி செய்தது. இந்த முறையில் அழகே வரிசைதான். குப்பையை உதறுமுன் மருந்தைப் பதித்தால் பகலில் புகுந்த விஷமும் சேர்ந்து பதிந்துவிடும். குளித்துவிட்டுத்தான் திருநீறு!

இவ்வளவு நன்றாகச் செய்தும் ஒரு சங்கடம் பாக்கி. யந்திரம் இரவில் விழித்திருக்க வேண்டும். யாரோ ஒரு சிக்கனக்காரர் சாயங்காலம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் நடுநிசிப் பூஜை நடக்காது. நடக்கவில்லை என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. யந்திரம் தானே செய்கிறது என்ற நம்பிக்கை வந்ததும், செய்ததா என்று பார்க்கிற கண்ணும் மூடிக்கொள்கிறது. ஸ்டெடிஸ்டேட்டின் ஆயுளும் நீடிக்கவில்லை. அதை வழங்குவது 2010-ம் வருஷக் கடைசியில் நின்றது. 2011 ஜூன் 30-ந் தேதியோடு உதவியும் நின்றது. விண்டோஸ் 7-க்கு அது வரவே இல்லை. இலவசமாகக் கிடைத்த சாவிக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த 2011-லேயே கூகிளின் குரோம்புக் விற்பனைக்கு வந்தது. நம் கோயில்களில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து, பூஜை நிற்காமல் நடத்துவார்கள் அல்லவா? ஏறக்குறைய அந்த யுக்திதான். யந்திரத்தினுள் ஒரே மாதிரி இரண்டு அறைகள். ஓர் அறையில் வேலை நடக்கிறபோதே மற்றதில் புதிய ஸாஃப்ட்வேர் ஓசையில்லாமல் குடியேறும். அடுத்த தரம் துவக்கும்போது யந்திரம் அந்த அறைக்கு மாறிக்கொள்ளும். அங்கே ஏதாவது கோளாறு என்றால் பழைய அறைக்கே திரும்பிவிடும். பூட்டும் அப்டேட்டும் பகையில்லை என்று இது காட்டிவிட்டது.

ஆனால் உலகம் முழுவதும் ஒரே நாளில் புது வீட்டுக்குக் குடிபோகவில்லை. 2017 மார்ச் 14-ந் தேதி விண்டோஸுக்கு வந்த மருந்து, ஐம்பத்தொன்பது நாள் ஆகியும் எத்தனையோ யந்திரங்களுக்குக் கிடைக்கவில்லை. மே 12-ந் தேதி 'வான்னகிரை' என்ற புழு அவற்றைப் பிடித்துப் பணம் கேட்டது. ஜெர்மனியில் ரயில் புறப்படும் நேரம் காட்டுகிற பலகைகளில் பணம் கேட்கும் மிரட்டல் ஓலை தெரிந்தது. இங்கிலாந்தில் பொது ஆஸ்பத்திரிகளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. 236 ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் 80-க்குக் குறையாமல் பாதிக்கப்பட்டன என்றும், சுமார் 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்றும் அந்நாட்டுத் தணிக்கைத் துறை கணக்கிட்டது. அந்த நோயாளிகளில் ஒருவருக்காவது அப்டேட் என்ற வார்த்தையோடு சம்பந்தம் இருந்திருக்குமா?

அப்படியானால் சாவியைக் கம்பெனிக்காரனிடமே கொடுத்துவிட்டால் போயிற்று; இரவோ பகலோ அவனே வந்து திறந்து மருந்து ஊற்றட்டும் என்று தோன்றும். அதையும் உலகம் பார்த்துவிட்டது. 2024 ஜூலை 19-ந் தேதி, நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, யந்திரங்களைக் காவல் காக்கும் கிரௌட்ஸ்டிரைக் கம்பெனி வழக்கம் போல் ஓர் அப்டேட் அனுப்பியது. அதில் பிழை இருந்தது. 78 நிமிஷத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையோடு விழுந்துவிட்டன. விமான நிலையப் பலகைகள் அணைந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்தவற்றுள் பெரும்பாலானவற்றைத் தூரத்திலிருந்து எழுப்ப முடியவில்லை. மனிதர்கள் ஒவ்வொரு யந்திரமாகத் தேடிப்போய் அந்தப் பொல்லாத ஃபைலை அழிக்க வேண்டியதாயிற்று. இருபது வருஷத்துக்கு முன் நூலகப் பொறுப்பாளர் செய்த அதே வேலை! பிற்பாடு, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பாமல் சிலருக்கு முதலில், மற்றவருக்குப் பின்னால் என்று படிப்படியாக அனுப்புவதாக அந்தக் கம்பெனி உறுதி கூறியது. பெரிய பாத்திரத்துச் சாம்பாரைப் பந்திக்கு அனுப்புமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற சமையற்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மருந்து வராததால் ஒரு தரம், மருந்தாலேயே ஒரு தரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்குத் தெளிவாவது இதுதான்: தானியங்கி ஏற்பாடு மனிதனின் வேலையைக் குறைக்கிறது, பொறுப்பைக் குறைப்பதில்லை. அதை வேறோரிடத்துக்கு மாற்றிவைக்கிறது. நூலகரிடமிருந்து நடுநிசிக் கடிகாரத்துக்கும், கடிகாரத்திடமிருந்து கண்காணாத கம்பெனிக்கும் சாவி கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. வாங்கிய கை விழித்திருந்ததா என்பதுதான் ஒவ்வொரு தரமும் ஊர் பிழைத்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

சொந்தக் கம்ப்யூட்டர் உள்ளவன் அதன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வான்; பார்க்காவிட்டால் நஷ்டம் அவனோடு போகும். பொது யந்திரத்தின் முன் வந்து உட்காருகிறவன் பெரும்பாலும் வேறு யந்திரம் இல்லாதவன். வேலைக்கு மனுப் போடவும், பென்ஷன் விவரம் பார்க்கவும் தன் ரகசியங்களை அதில் தட்டுகிறான். அதற்கு மருந்து கொடுத்தார்களா என்று அவனால் பார்க்க முடியாது. கேட்கவும் அவனுக்குத் தெரியாது. அவன் சார்பில் பார்ப்பதற்குச் சம்பளமும் நேரமும் கொடுத்து ஒரு மனிதரை நியமித்திருக்கிறார்களா என்று, ஒரு நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது நாம் விசாரிக்க வேண்டும். எத்தனை கம்ப்யூட்டர் என்ற கணக்கை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.