வில்லியம் உட்வர்ட் ஜூனியர்

வில்லியம் உட்வர்ட் ஜூனியர் (1920–1955) நியூயார்க்கின் ஹனோவர் வங்கிக் குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு. நஷுவா என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் சொந்தக்காரர். 35 வயதில் மனைவியின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர். அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்த ஓர் இரவைத்தான் எழுதினார்கள்.

தாத்தாவின் சகோதரர் ஜேம்ஸ் உட்வர்ட் ஹனோவர் தேசிய வங்கியின் தலைவராக இருந்தவர். 1910இல் அவர் இறந்தபோது வங்கித் தலைமையும் மேரிலாந்திலுள்ள பெலேர் பண்ணையும் ஜூனியரின் தந்தை வில்லியம் சீனியரிடம் வந்தன. சீனியருக்கு வங்கி தொழில் என்றால் குதிரைகள் உயிர். அவருடைய கேலன்ட் ஃபாக்ஸ் 1930இலும், அதற்குப் பிறந்த ஒமாஹா 1935இலும் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்று பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றன. தகப்பனும் மகனுமாக இந்தச் சாதனையைப் படைத்த குதிரைகள் அமெரிக்காவில் இவை மட்டுமே. சீனியர் 1930 முதல் 1950 வரை ஜாக்கி கிளப்பின் தலைவராகவும் இருந்தார். இப்படிப்பட்ட தகப்பனுக்கு மகனாகப் பிறந்தவர் தனக்கென்று பெயர் எடுப்பது எளிதல்ல.

குரோட்டன் பள்ளி, ஹார்வர்டு என்று படிப்பு வழக்கமான பணக்காரப் பாதையில் சென்றது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். 1943 நவம்பரில் அவர் இருந்த லிஸ்கம் பே என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. 644 பேர் மாண்டனர். பிழைத்த 272 பேரில் உட்வர்டும் ஒருவர்.

அதே ஆண்டில்தான் ஆன் குரோவெல் என்ற வானொலி நடிகையை மணந்திருந்தார். கன்சாஸில் எளிய குடும்பத்தில் பிறந்து மேடை நடனமும் ஆடிய பெண்ணை மருமகளாக ஏற்க, நியூயார்க் மேட்டுக்குடியின் நடுநாயகமாக இருந்த மாமியார் எல்ஸிக்கு மனம் வரவில்லை. இரண்டு மகன்கள் பிறந்தும் இல்லறம் இனிக்கவில்லை. 1940களின் பிற்பகுதியில் உட்வர்ட் மணவிலக்குக் கேட்டார், ஆன் மறுத்துவிட்டார்.

1953இல் தந்தை இறந்தார். நஷுவாவை இங்கிலாந்துக்கு அனுப்பி ஓட்டுவது சீனியரின் திட்டம். மகன் அதை மாற்றி, குதிரையை அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்டார். அவர் தானாக எடுத்த பெரிய முடிவு என்று சொல்லத்தக்கது இதுதான், அது பலித்தது. 1955 கென்டக்கி டெர்பியில் கலிஃபோர்னியக் குதிரை ஸ்வாப்ஸிடம் தோற்ற நஷுவா, ப்ரீக்னஸையும் பெல்மான்டையும் வென்றது. பிறகு ஆகஸ்ட் 31 அன்று சிகாகோவுக்கு அருகிலிருந்த வாஷிங்டன் பார்க் பந்தயத் திடலில் அவ்விரண்டு குதிரைகள் மட்டும் மோதின. பரிசு ஒரு லட்சம் டாலர், வென்றவருக்கே முழுவதும். ஜாக்கி எட்டி அர்காரோ தொடக்கத்திலிருந்தே நஷுவாவை முன்னே விரட்டினார். ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி.

அதன்பின் அவர் உயிரோடு இருந்தது சரியாக இரண்டு மாதம். உட்வர்ட் தம்பதியின் வீடு இருந்த லாங் ஐலண்டில் அப்போது ஒரு திருடன் நடமாடிக்கொண்டிருந்தான். அக்டோபர் 29 இரவு வின்ட்சர் கோமகளுக்கு அளிக்கப்பட்ட விருந்திலிருந்து தம்பதியர் வீடு திரும்பினர். நள்ளிரவுக்குப்பின் இருட்டில் ஆன் சுட்டார்; விழுந்தது கணவர். திருடன் என்று நினைத்துச் சுட்டதாக ஆன் கூறினார். பின்னர் பிடிபட்ட திருடன் பால் விர்த்ஸ், அன்றிரவு தான் அங்கே இருந்ததை ஒப்புக்கொண்டான். கிராண்ட் ஜூரி ஆன்மீது குற்றம் சுமத்தவில்லை. ஊர் வாயை எந்த ஜூரியும் மூட முடியவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப்பின் ட்ரூமன் கபோட்டி எழுதிய கதையொன்றில், ஆன்தான் என்று சட்டென்று அடையாளம் தெரியும் பாத்திரம் கணவனை வேண்டுமென்றே கொல்கிறது. எஸ்குயர் இதழில் அது வெளிவரவிருந்த 1975 அக்டோபரில் ஆன் தற்கொலை செய்துகொண்டார். மகன்கள் இருவரின் முடிவும் பிற்காலத்தில் அவ்வாறே அமைந்தது. டொமினிக் டன் 1985இல் இந்தக் குடும்பத்தின் கதையை நாவலாக்கினார்.

உட்வர்ட் இறந்ததும் நஷுவா ஏலத்துக்கு வந்து, லெஸ்லி கூம்ஸ் தலைமையிலான கூட்டுக்குழுவுக்கு 12,51,200 டாலருக்கு விற்கப்பட்டது. பத்து லட்சம் டாலரைத் தாண்டி விலைபோன முதல் குதிரை அதுவே. பெலேர் பண்ணையை 1957இல் வீட்டுமனை அதிபர் வில்லியம் லெவிட் வாங்கி, அங்கே ஒரு குடியிருப்பு நகரை எழுப்பினார்.