போன சிக்னல் திரும்பி வந்ததா? ஒரு லூப் ரோடும் மெயின்ஃபிரேம் கேபிள்களும்

ஏற்காட்டுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் லூப் ரோடு தெரிந்திருக்கும். சேலத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஊருக்குள் வந்த பிறகு, சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களையும் மலைக் கிராமங்களையும் சுற்றிக்கொண்டு சுமார் 32 கிலோமீட்டர் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் சாலை அது. மழைக் காலத்தில் அந்தச் சாலை எங்காவது துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றால் என்ன செய்வது? சுலபமான வழி, ஒரு வண்டியை அனுப்பிப் பார்ப்பதுதான். முழுச் சுற்றும் முடித்துத் திரும்பி வந்தால் சாலை நன்றாக இருக்கிறது. வராவிட்டால் நடுவில் எங்கோ கோளாறு.

இந்தச் சின்ன யோசனைதான் தந்திக் காலத்தில் இருந்து மெயின்ஃபிரேம் காலம் வரை கேபிள்களைச் சோதிக்கப் பயன்பட்டது. 1978ல் இந்தியாவில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஆதரவின்றி நின்றபோது, அவற்றைக் காப்பாற்றிய திறமையின் அடிப்படையும் இதுதான்.

முதலில் தந்தியைப் பார்ப்போம். 1850களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் நகரங்கள் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டன. 1870-71ல் மதராஸில் இருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போடப்பட்டது. கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளில் பழுது வந்தால் நடந்து போய்ப் பார்க்க முடியாது. கரையில் உட்கார்ந்தபடியே பழுது எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்காகப் பொறியாளர்கள் உருவாக்கிய முறைகளில் மர்ரே லூப், வார்லி லூப் ஆகிய இரண்டும் புகழ் பெற்றவை.

மர்ரே முறையை ஒரு கற்பனை உதாரணத்தால் புரிந்துகொள்ளலாம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 30 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நல்ல கம்பி. இன்னொன்று வழியில் எங்கோ மரத்தில் உரசி மின்சாரம் தரைக்குக் கசிகிறது. ஏற்காட்டில் உள்ளவர் இரண்டு கம்பிகளின் முனைகளையும் சேர்த்துக் கட்டிவிடுவார். இப்போது 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வளையம் கிடைக்கிறது. சேலத்தில் இருப்பவர், பழுது அந்த வளையத்தை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்று வீட்ஸ்டன் பாலத்தை வைத்து அளப்பார். 1:2 என்று வந்தால் பழுதான கம்பியில் சேலத்தில் இருந்து 20 கிலோமீட்டரில் கோளாறு. லைன்மேன் மலைப்பாதையில் நேராக அந்த இடத்துக்கே போகலாம். எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

இனி மெயின்ஃபிரேமுக்கு வருவோம். 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. 1970ல் அதன் வாரிசான சிஸ்டம்/370 வந்தது. இந்தக் கம்ப்யூட்டர்களில் நடுச் செயலி டிஸ்க்குடனோ பிரிண்டருடனோ நேரடியாகப் பேசாது. அதற்கு 'சேனல்' என்ற தனி அமைப்பு உண்டு. செயலி வேலையைச் சேனலிடம் கொடுத்துவிட்டுத் தன் கணக்கைப் பார்க்கப் போய்விடும். சேனலில் இருந்து இரண்டு தடிமனான கேபிள்கள் கிளம்பும். ஒன்றின் பெயர் பஸ், மற்றொன்றின் பெயர் டேக். பஸ் கேபிள் தகவலைச் சுமக்கும். 'இது முகவரி', 'இது கட்டளை', 'வாங்கிக்கொண்டேன்' என்று ஒழுங்குபடுத்தும் சைகைகளை டேக் கேபிள் சுமக்கும். கம்ப்யூட்டர் அறையின் உயர்த்தப்பட்ட தளத்துக்கு அடியில் இந்தக் கேபிள்கள் பாம்புகளைப் போலப் பின்னிக் கிடக்கும்.

ஒரு சேனலில் அதிகபட்சம் எட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோக்கலாம். கடைசிப் பெட்டியில் 'டெர்மினேட்டர்' என்ற முடிப்பான் செருக வேண்டும். இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதி எதிரொலித்துக் குழப்பம் செய்யும்.

இதில் 'செலக்ட் அவுட்' என்ற ஒரு சைகை இருக்கிறது. நம் லூப் ரோட்டு பஸ் மாதிரி அது. மற்ற சைகைகள் எல்லாப் பெட்டிகளையும் ஒரே சமயத்தில் எட்டும். இது மட்டும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து, 'உனக்கு வேலை இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். யாருக்கும் வேண்டாம் என்றால் கடைசிப் பெட்டியைத் தொட்டுவிட்டு 'செலக்ட் இன்' என்ற பெயரில் சேனலுக்கே திரும்பி வரும். நடுவில் ஒரு பெட்டியின் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அதற்காகவே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ரிலே உண்டு. மின்சாரம் இல்லாதபோது அந்த ரிலே மூடிக்கொண்டு சிக்னலை அப்படியே கடத்திவிடும். அந்த ரிலே மக்கர் செய்தால் அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் காணாமல் போகும். ஐந்து பெட்டிகளும் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டன என்று அனுபவமில்லாதவர் பதறுவார். அனுபவசாலி, காணாமல் போன முதல் பெட்டி எது, அதற்கு முன்னால் இருப்பது எது என்று மட்டும் பார்ப்பார்.

பஸ் கேபிளில் ஒவ்வொரு திசையிலும் எட்டு பிட்டுகளோடு 'பாரிட்டி' என்ற ஒன்பதாவது பிட்டும் போகும். ஒன்பதிலும் சேர்த்து 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஐபிஎம் குறியீட்டில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து 11000001. மூன்று 1கள் இருப்பதால் பாரிட்டி 0. வழியில் ஒரு 1 தொலைந்தால் இரண்டுதான் மிஞ்சும், தவறு உடனே பிடிபடும். ஆனால் இரண்டு 1கள் ஒன்றாகத் தொலைந்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒற்றைப்படை ஆகிவிடும். பாரிட்டி ஏமாந்துவிடும்.

அதனால்தான் தனியாகச் சோதனை ஓட்டுவது அவசியமாகிறது. கேபிளை ஏற்கும் சேனல் அடாப்டரில் கேபிளைக் கழற்றிவிட்டு, வெளியே போகும் கம்பிகளை உள்ளே வரும் கம்பிகளோடு இணைக்கும் ஒரு செருகியை மாட்டுவார்கள். இதற்கு 'ராப் பிளக்' என்று பெயர். பிறகு அடாப்டர் தனக்குத் தானே பேசிக்கொள்ளும். முதலில் எல்லாம் 0, அடுத்து எல்லாம் 1. எல்லாம் 1 அனுப்பியும் ஓரிடத்தில் 0 வந்தால் அந்தக் கம்பி அறுந்திருக்கலாம். பிறகு ஒரே ஒரு 1 மட்டும் ஒவ்வொரு இடமாக நகரும். மூன்றாவது கம்பியில் அனுப்பிய 1 நான்காவதிலும் சேர்ந்து வந்தால் அவை இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

சோதனை செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் அடாப்டருக்கு உள்ளேயே வளையம். அது தேறினால் செருகியை அடாப்டரின் வாயில் மாட்டி ஒரு வளையம். அதுவும் தேறினால் கேபிளை இணைத்து அதன் மறுமுனையில் ஒரு வளையம். முதல் இரண்டும் தேறி மூன்றாவது தோற்றால் குற்றவாளி கேபிள்தான். மூன்றும் தேறினால் கோளாறு அதற்கும் அப்பால் இருக்கிறது. அன்று தந்திக்காரர்கள் அளந்து கண்டுபிடித்த இடத்தை இங்கே படிப்படியாக நெருக்கிக் கண்டுபிடிக்கிறார்கள். எதையும் கழற்றுவதற்கு முன் அந்தச் சாதனத்தை ஆஃப்லைனில் வைக்க வேண்டும் என்பது பாலபாடம். மறந்தால் அதே சேனலில் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் வேலையும் கெட்டுப்போகும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை அல்ல. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959ல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடிக்கு, அதே ஜெர்மானிய உதவியில் 1973ல் ஐபிஎம் 370/155 வந்தது. அன்றைய இந்தியாவின் மிகப் பெரிய கம்ப்யூட்டர்களில் ஒன்று அது. மாணவர்கள் அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருந்த காலம்.

அப்போது இந்தியாவில் ஐபிஎம் வைத்ததுதான் சட்டம். பல நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் சொந்தமில்லை, மாத வாடகைக்குத்தான் கிடைத்தது. பழுது வந்தால் ஐபிஎம் பொறியாளர் வருவார், அவர்களுடைய சோதனை நிரல்களை ஓட்டுவார், அவர்களுடைய உதிரிப் பாகத்தை மாற்றுவார். வாடிக்கையாளருக்கு மூடியைத் திறக்கும் வேலையே இல்லை. வசதிதான். ஆனால் எது கெட்டது, ஏன் கெட்டது என்ற அறிவு முழுவதும் ஒரே இடத்தில் இருந்தது.

1974ல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. முழு உரிமை வேண்டும் என்று ஐபிஎம் பிடிவாதமாக நின்றது. ஜனதா ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸும் விட்டுக்கொடுக்கவில்லை. 1978ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது.

ரயில்வே, வங்கி, காப்பீடு, ஆராய்ச்சிக்கூடம் என்று கம்ப்யூட்டரை நம்பியவர்கள் எல்லோரையும் ஒரே கேள்வி பயமுறுத்தியது. நாளைக்கு மெஷின் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

பதில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. 1975 டிசம்பரில் மத்திய அரசு கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. சுருக்கமாக சிஎம்சி. ஐபிஎம் போனதும் நாடெங்கும் 800க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த ஐபிஎம் கம்ப்யூட்டர்களின் பராமரிப்பு அதன் தலையில் விழுந்தது. முன்னாள் ஐபிஎம் பொறியாளர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். கையில் அதே கையேடுகள், அதே சோதனை முறைகள். ஒரே வித்தியாசம், பின்னால் துணைக்கு ஐபிஎம் இல்லை. புதிய பாகம் வேண்டுமென்றால் இறக்குமதி, லைசென்ஸ், அந்நியச் செலாவணி என்று நீண்ட வரிசை. அப்படிப்பட்ட நிலையில் 'எதற்கும் இந்த அட்டையை மாற்றிப் பார்ப்போம்' என்று சொல்ல முடியாது. கெட்டது அட்டையா, கேபிளா, கனெக்டரில் ஒரே ஒரு ஊசியா என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். பணமும் பாகமும் தட்டுப்பாடாக இருக்கும்போதுதான் சரியான சோதனையின் அருமை தெரிகிறது.

மெஷின்கள் நிற்கவில்லை. சென்னை ஐஐடியின் 370 அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது. பழுது பார்க்கப் பிறந்த சிஎம்சி 1980களில் ரயில்வேயின் கம்ப்யூட்டர் முன்பதிவு முறையை எழுதியது. 1986ல் டெல்லியில் தொடங்கிய அந்த முறை பிறகு நாடெங்கும் பரவியது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. புதிய பெரிய கம்ப்யூட்டர்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்ததால், உலகம் அடுத்த தலைமுறைக்குப் போனபோது பல இந்திய நிறுவனங்கள் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தன. ஐபிஎம் போனது முழுக்க நன்மை என்று சொல்வதும் சரியல்ல.

காலம் மாறியது. 1990ல் ஐபிஎம் எஸ்கான் என்ற ஒளியிழைச் சேனலை அறிமுகப்படுத்தியது. தடித்த பஸ், டேக் கேபிள்கள் மெல்ல ஓய்வு பெற்றன. 1992ல் ஐபிஎம் டாடாவோடு கைகோத்து இந்தியாவுக்குத் திரும்பியது. சிஎம்சி 2001ல் டாடா குழுமத்தின் கைக்குப் போய், 2015ல் டிசிஎஸ் நிறுவனத்தோடு இணைந்து பெயரை இழந்தது.

ஆனால் லூப் சோதனை மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒளியிழையைச் சோதிப்பவரும், கல்லூரி லேபில் தன் கம்ப்யூட்டருக்கே 'பிங்' அனுப்பிப் பார்க்கும் மாணவரும் செய்வது அதே காரியம்தான். எங்கே கெட்டது என்று தெரியாதபோது ஊரையெல்லாம் சந்தேகப்படாமல், முதலில் தன் வீட்டு வாசலில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அடியாக வெளியே போக வேண்டும். 1978ல் அந்த 800 இடங்களில் கம்ப்யூட்டரை ஓட வைத்தது இந்தப் பொறுமைதான்.