பாறைத்தூள் கான்கிரீட்: வேலூர்–ஆம்பூர் வட்டாரம்

கான்கிரீட்டில் சிமென்டின் ஒரு பகுதியைக் குறைத்து, நன்கு அரைத்த இயற்கைப் பாறைத்தூளைச் சேர்க்கும் முறை. சிமென்டுக்கு அடிப்படையான கிளிங்கரைச் சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். அப்போது வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவதால், எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது. கிளிங்கரின் அளவையே குறைக்க வேண்டும்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் (2019 வரை ஒரே மாவட்டம்) கல்வளம் மிக்கவை. இங்கே சார்னோக்கைட்டும் கிரானைட் வகை நைஸ் பாறைகளும் பரவலாக உள்ளன. ஜல்லியும் எம்-சாண்டும் (நொறுக்கிய கல்மணல்) எடுக்கும் கிரஷர்களில் நுண்தூள் நிறையவே மிஞ்சுகிறது.

ஆனால் எல்லாப் பாறைத்தூளும் சிமென்ட் ஆகாது. சிமென்ட் நீரோடு வினைபுரிகையில் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. ரோமானியர் பயன்படுத்திய எரிமலைச் சாம்பலில் சிலிக்கா படிகமாகாமல் கண்ணாடி நிலையில் இருக்கும். அது சுண்ணாம்போடு கூடிப் பிணைப்புப் பொருளாக மாறும். கிரானைட்டோ பூமிக்கடியில் மெல்லக் குளிர்ந்து இறுகியது. அதன் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் உறுதியான படிகங்கள் என்பதால், எவ்வளவு அரைத்தாலும் பெரும்பாலும் வினைபுரிவதில்லை. சிமென்ட் துகள்களின் இடைவெளியை நிரப்புவதும், வினை தொடங்கப் பரப்பைத் தருவதுமே அதன் பணி. சிறிதளவு சேர்த்தால் நன்மை உண்டு. கூடினால் சிமென்ட் நீர்த்து வலிமை குறையும். எனவே இந்த வட்டாரத் தூளுக்குச் சிமென்டின் இடத்தைவிட மணலின் இடமே பொருத்தமானது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383 (2016), நொறுக்கிய கல்மணலில் 75 மைக்ரானுக்குக் குறைந்த தூளை 15 சதவீதம் வரை ஏற்கிறது.

இந்த வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில், வினைபுரியும் தூளுக்கும் வினைபுரியாத தூளுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. உப்பிட்ட தோலிலிருந்து குளோரைடும், பதனிடும் குரோமியம் உப்பிலிருந்து சல்பேட்டும் தரைக்கும் வடிகாலுக்கும் வருகின்றன. குளோரைடு உள்கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சல்பேட் கான்கிரீட்டை உப்பி வெடிக்கச் செய்யும். துளைகளை நெருக்கிச் சுண்ணாம்பையும் பயன்படுத்திக்கொள்ளும் அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ இங்கே உதவும். கிரானைட் தூளை நம்பிச் சிமென்டைக் குறைப்பது ஆபத்து. கந்தக அமிலம் கையாளும் இடங்களில் எந்தச் சிமென்ட் கலவையும் தனியே தாங்காது; அமிலம் தாங்கும் பூச்சோ ஓடோ கட்டாயம் வேண்டும்.

சுண்ணாம்புக்கல் தூளின் நிலை வேறு. சுட்ட களிமண்ணோடு சேர்ந்தால் அது களிமண்ணின் அலுமினாவோடு வினைபுரிகிறது. ஏறத்தாழ பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம் என்ற கலவையின் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. இவ்வகைச் சிமென்டுக்கு 2023-இல் ஐ.எஸ். 18189 தர நிர்ணயம் வெளியானது.