பழியும் தண்டமும்

ஒருவன் பிறிதொருவனைக் கொன்றான். அரசு அவனைப் பற்றித் தண்டிக்கின்றது. அத்தண்டம் யார்பொருட்டு? இறந்தானுடைய சுற்றத்தார் நெஞ்சிற் கனலும் பழிவேட்கையைத் தணித்தற்பொருட்டோ? குடிகளுக்குக் காவலாதற்பொருட்டோ? குற்றஞ்செய்தான் திருந்துதற்பொருட்டோ? இவ்வினா இக்காலத்தும் மன்றந்தோறும் எழுகின்றது. விடைகாணப் புகுவார் பலர் மேலைநாட்டார் நூல்களையே புரட்டுவர். நம் திருக்கோயிற் சுவர்களிலும் இதற்குரிய சான்றுகள் கல்லில் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் திருக்கோயில் உள்ளது. அதன்கண் முதல் இராசராசனது 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. சுந்தரசோழன் மூத்த மகனாகிய ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானார் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர்சுட்டி உரைக்கின்றது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு அரசன் விடுத்த ஆணை அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வாணையின்படி பறிமுதல் செய்யப்பட்டவை கொலைஞருடைய உடைமைகள் மட்டுமல்ல. அவர்தம் தம்பியர், மக்கள், பேரப்பன்மார், அவர்க்குப் பெண்கொடுத்த மாமன்மார், தாயொடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகளிரை மணந்தோர் என்றிவர் உடைமைகளும் அப்பட்டியலிற் சேர்ந்தன.

இராசராசன் 985-இல் அரியணை ஏறியவன். கொலையுண்ட ஆதித்தனோ அவனுக்கு உடன்பிறந்த தமையன். ஆகலின் இவ்வழக்கிற் பாதிக்கப்பட்டாரும் தண்டிப்பாரும் ஒருவரேயாயினர். அதன் விளைவு யாது? தண்டம் குற்றவாளியோடு நில்லாமற் பெண்கொடுத்தான், பெண்கொண்டான் என்னும் உறவுநூல் பற்றிக் குற்றமறியார் மனைவரைக்கும் நீண்டது. அரச துரோகம் எளிய குற்றமன்று. சூழ்ச்சி வேரோடு அறுபடவேண்டுமென அரசன் கருதியிருத்தல் கூடும். எனினும் பேரரசனாகிய இராசராசன் கையிலேயே செங்கோல் இங்ஙனம் நீண்டதாயின், துயருற்றார் கையில் தண்டத்தின் அளவை ஒப்புவித்தல் எத்துணை இடருடைத்து என்பது சொல்லாமலே விளங்கும். பழிக்கு அளவு இல்லை; நீதிக்கோ அளவே உயிர்.

இனி வேறுவகைக் கல்வெட்டுக்களை நோக்குவாம். வேட்டைக்குச் சென்றவன் விலங்கென்றெண்ணி எய்த அம்பு மற்றொருவன்மேற் பட்டு அவன் இறந்தான் என்றாற்போலும் செய்திகள் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் பல உள. நாட்டாரும் சபையாரும் பட்டர்களும் கூடி, முன்பகை உண்டோ, அறிந்து செய்தானோ, அறியாது செய்தானோ என ஆராய்வர். அறியாது நிகழ்ந்ததெனத் துணிந்தவழி, இவன் இதற்காகச் சாதல் வேண்டா, திருக்கோயிலில் திருநந்தாவிளக்கு வைக்கக்கடவன் எனத் தீர்ப்பளிப்பர். ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடு அளித்தல் பெருவழக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக்கடவர். ஆடு இறப்பினும் அதன் குட்டிகளால் எண்ணிக்கை குறையாதாகலின், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். இறந்தவனைச் சார்த்தி அவ்விளக்கு எரிந்தது.

மற்றொரு செய்தி இன்னும் நெஞ்சை உருக்குவது. வரிதண்டுவான் ஒருவன், தான் இறுக்கவேண்டுவதில்லை என்ற ஒரு பெண்ணை வருத்தினான். அவள் நஞ்சுண்டு இறந்தாள். நாற்றிசையினின்றும் நாட்டார் கூடி ஆராய்ந்து, அச்சாவிற்கு அவனே பொறுப்பாளி எனத் துணிந்தனர். அவன் 32 காசு கொடுத்து விளக்கெரிக்க நேர்ந்தது. தன் கையால் அவளை அவன் கொல்லவில்லை. அதிகாரம் உடையவன் என்பதும் உண்மை. ஆயினும் எளியாள் ஒருத்தியின் சாவு கணக்கில் எழுதப்படாது போகவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். இறந்தவன் மனைவிக்கும் மக்கட்கும் அவ்விளக்காற் கிடைத்தது யாது? நெய் கோயிலுக்குச் சென்றது. சோறு அவர் வீட்டிற்குச் சென்றதா? ஆடுடையான் ஆடு கொடுத்துத் தப்பினான். ஆடில்லாதான் என் செய்வான்? இத்தடை வலியுடையதே. பழமை என்பதொன்றே பற்றி அதனை மறைத்தல் நேர்மையாகாது. அக்கல்வெட்டுக்கள் சுற்றத்தார்க்கு ஈடுகொடுத்தமையைப் பெரும்பாலும் உரைக்கவில்லை. எனினும் அவை மூன்று நன்மைகளைச் செய்தன. நிகழ்ந்தது இன்னதென ஊரறிய உண்மையைத் துணிந்தன. கருத்தொடு செய்த கொலையையும் கருதாது நேர்ந்த சாவையும் வேறுபிரித்தன. இறந்தான் பெயரை மறவாமற் கல்லில் நிறுத்தின. இவை மூன்றும் பழிவாங்குதலாற் கிடைப்பன அல்ல.

அற்றேல், திருவாரூரில் நிகழ்ந்ததாகக் கூறப்பெறும் மனுவேந்தன் வரலாறு பழிக்குப் பழி அன்றோ எனின், அன்று என்க. இவ்வரலாறு சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் அருளிச்செய்தற்கு முன்னரே, விக்கிரமசோழன் (1118–1135) காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டில் இடம்பெற்றது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. கழுவாய் செய்தல் சாலும் என்றார் அமைச்சர். வேறொருவன் குற்றஞ்செய்தால் ஒரு முறை, தன் மகன் செய்தால் மற்றொரு முறையோ என்பதே மன்னவன் மனத்தை அறுத்த வினா. அவன் செயலின் கடுமையை இன்று ஒருவரும் சட்டமாக்க ஒருப்படார். ஆயின் அவ்வரலாற்றின் உயிர்நிலை வேறிடத்தது. பசு வாயில்லாதது, தானே பழிவாங்கும் வலியற்றது. அதன் துயரத்தை அரசன் கேட்டான் என்பதும், அதற்கும் அரசிளங்குமரனுக்கும் ஒரே துலாக்கோல் பிடித்தான் என்பதுமே ஈண்டுக் கொள்ளத்தக்கன.

இதனை மேலும் எண்ணிப் பார்க்க. தண்டம் சுற்றத்தார் சினத்தின் அளவிற்றாயின், சுற்றமில்லா ஏதிலி ஒருவனைக் கொன்றவனுக்குத் தண்டமே இல்லையாதல் வேண்டும். பொறுமையுடையார் வீட்டிற் கொலைசெய்தவன் சிறிது தண்டமும், சினமுடையார் வீட்டிற் செய்தவன் பெரிது தண்டமும் பெறுதல் வேண்டும். குற்றம் ஒன்றாகவும் தண்டம் பலவாதல் நீதியாமோ? கொடிய கொலைஞரை அரசன் ஒறுத்தலைப் பயிர்காக்கக் களைகட்டலோடு ஒப்பிட்டார் திருவள்ளுவர். களைபறிக்கும் உழவனுக்குக் களைமேற் பகையில்லை. பயிரின்மேல் அன்பே உண்டு. மீண்டும் அக்குற்றம் நிகழாவண்ணம் ஒத்த அளவில் ஒறுத்தலே வேந்தன் கடன் என்பதும் அவர் கருத்து.

திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் திருநீற்றுக்கோலம் புனைந்து, சுவடியுள் மறைத்த படையால் அவரைக் குத்தினான். வாளோங்கிய தத்தனை நாயனார் தடுத்து, அவனை ஊறுபடாமற் கொண்டுபோய் விடுகவென ஆணையிட்டார். சினந்து வளைத்த குடிகளை விலக்கி எல்லை கடத்திவிட்டுத் தத்தன் மீண்டு வந்து சொல்லுங்காறும் அவர் உயிர்தாங்கியிருந்தார். இஃது அடியார் ஒருவர் தம்முயிர்க்கு வந்த தீங்கைப் பொறுத்த நிலை. அரசுகள் கொலைஞரையெல்லாம் விட்டுவிடுக என்னும் சட்டமன்று. பிறர்க்கு வந்த தீங்கை நாம் மன்னித்துவிடுதல் எளிது. அதற்கு நமக்கு உரிமையும் இல்லை. பாதிக்கப்பட்டாரது பெருமை பழிவாங்குதலால் நிறைவெய்தும் என்பது பொய் என்பதொன்றையே இவ்வரலாறு நாட்டுகின்றது.

தண்டத்தின் உள்ளீடு யாதாதல் வேண்டும் என்பதற்குச் சிவஞான சித்தியார் ஒரு வழி காட்டுகின்றது. சொற்கேளாத மக்களைத் தாய்தந்தையர் கோல்கொண்டு அடித்தலும் கட்டிவைத்தலும் முனிவுபோலத் தோன்றினும், அவை அன்பே. அங்ஙனமே இறைவன் செய்யும் நிக்கிரகமும் அருளேயாம் என்பது அதன் துணிபு. இதனையே மறக்கருணை என்பர். மாந்தர் நடத்தும் மன்றத்திற்கு இறைவனது முற்றறிவு இல்லை. ஆகலின் அம்மன்றம் தன் கைக்கு இன்னும் மிகுதியாக அளவு இட்டுக்கொள்ளல் வேண்டும். இந்திய உச்சநீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில், கொலைத்தண்டம் அரிதினும் அரிதாய வழக்குக்களிலேயே விதிக்கத்தக்கது எனத் தீர்ப்பளித்ததும் இவ்வளவின் பொருட்டேயாம்.

அங்ஙனமாயிற் பாதிக்கப்பட்டார் வெறுங்கையராய் நிற்பதோ? அன்று. அவர்தம் துயர் கேட்கப்படுதல் வேண்டும். உண்மை துணியப்படுதல் வேண்டும். இழப்பிற்கு ஈடு கிடைத்தல் வேண்டும். நந்தாவிளக்குத் தீர்ப்புக்களில் நாம் கண்ட குறை இம்மூன்றாவதே. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009-இற் சேர்க்கப்பட்ட 357-ஏ பிரிவு இக்குறையை நிறைக்க முற்பட்டது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தும் அவ்வேற்பாடு 396-ஆம் பிரிவாக நிலைபெற்றது. குற்றவாளி இன்னானென அறியப்படாவிடத்தும் பாதிக்கப்பட்டார் ஈடு வேண்டலாம் என்பது அதன் சிறப்பு. அவர்க்குரியதைத் தருதல் வேறு, குற்றவாளியை ஒறுத்தல் வேறு என்பதைச் சட்டமே இங்ஙனம் பிரித்துக் காட்டியது. ஏட்டில் உள்ள அவ்வீடு காலந்தாழாது ஏழை வீட்டை அடைகின்றதா என்பதே இனி நாம் கேட்கவேண்டும் வினா.

ஆகவே, துயருற்றார்க்கு மன்றம் செவியையும் கையையும் தருக, வாளைத் தராதொழிக. வாளைத் தந்த வழி அது உறவினர் மனைவரைக்கும் சென்றதை உடையார்குடிக் கல் இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கின்றது.