நடுவில் ஒரு தோட்டம்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தால் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், கேமரன் மலையில் தான் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள், மந்திரவாதிகள் என்று எல்லோரும் தேடினார்கள். அவரைப் பற்றிப் பல புத்தகங்கள் வந்துவிட்டன.

அதே மலையில் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் எத்தனையோ பேர் சொந்தப் பேரப்பிள்ளைகளின் நினைவிலிருந்தே காணாமல் போயிருக்கிறார்கள். அவர்களைத் தேடி எந்தப் படையும் போகவில்லை. அந்த வேலையைத்தான் நானும் என்னைப் போன்ற சிலரும் ஓய்வு நாட்களில் செய்துகொண்டிருக்கிறோம். மாதத்தில் ஒருநாள் பிரிஞ்சாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். ஆளுக்கொரு பழைய காகிதமோ புகைப்படமோ கொண்டு வருவார்கள். தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் பேசிக்கொண்டிருப்போம்.

பெரும்பாலான குடும்பங்களில் ஒரே கதைதான் இருக்கிறது. "தாத்தா கப்பல்ல வந்தாரு. பினாங்குல எறங்குனாரு. நேரா மலைக்கு ஏறிட்டாரு." எங்கள் வீட்டிலும் இதுதான் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தால் இடிக்கிறது.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதிக்கு வந்தது 1885இல். அதற்குப் பிறகு நாற்பது வருடம் இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத் தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கைத் தேயிலையில் அனுபவம் பெற்ற மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் சுங்கை பாலாஸ் அந்த நிறுவனத்தின் தோட்டம்தான்.

அந்த 1929தான் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய வருடமும். ரப்பர் விலை விழுந்தது. 1930 ஆகஸ்டில் மலாயாவுக்குக் கங்காணிகள் ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. வேலை இழந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் ஆள் சேர்ப்பு மறுபடி கொஞ்சம் திறந்தது. 1938 ஜூனில் இந்திய அரசு இலவசப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதையே தடை செய்தது.

ஆக, நாகப்பட்டினம் முகாமிலோ ஆவடி முகாமிலோ ஏறி நேராகக் கேமரன் மலைத் தேயிலைக்கு வருவதற்கு இருந்த வாசல் மிகக் குறுகியது. அந்த வாசல் வழியாக வந்தவர்களும் இருப்பார்கள்தான். ஆனால் பல குடும்பங்களின் கதையில், கப்பலுக்கும் மலைக்கும் நடுவில் இன்னொரு தோட்டம் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது கீழ்நாட்டுக் கித்தாத் தோட்டம். அந்தக் காலத்தில் மலைக்கு ஏற இருந்த கார் ரோடு தாப்பாவிலிருந்து வந்த ஒன்றுதான். அதனால் எங்கள் தேடலை நாங்கள் பேராக்கில்தான் தொடங்குகிறோம்.

என் அப்பாயி விட்டுப்போன மைலோ டின்னைச் சொல்கிறேன். அதில் இருந்தவை: ஒரு அடையாள அட்டை, ஊழியர் சேமநிதிக் கடிதங்கள், ஒரு கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், கோட்டு போட்ட ஒருவரின் புகைப்படம், ஒரே ஒரு நீலநிற ஏரோகிராம்.

அடையாள அட்டையில் அப்பாயி பிறந்த வருடம் 1934. அப்படியென்றால் மலையிலேயே பிறந்திருக்கலாம், கதை சரியாக வருகிறது. ஆனால் அப்பாயி அடிக்கடி சொல்வது வேறு. "ஜப்பான்காரன் வந்தப்ப நான் பெரிய மனுஷியாயி ஒரு பொங்கல் தாண்டியிருச்சு." ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பர். அப்படிப் பார்த்தால் அவர் 1928 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அப்போது இந்த மலையில் போ தோட்டமே இல்லை. நான் அட்டையைவிட அப்பாயியை நம்புகிறேன். அடையாள அட்டை வந்ததே 1948இல், அவசரகாலத்தில். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக வயது போட்ட கதை எங்கள் கூட்டத்தில் பல வீடுகளில் உண்டு. நம் பெண்கள் வருடத்தை எண்ணால் வைத்துக்கொள்ளவில்லை. ஜப்பான்காரன் வந்தது, பிள்ளை பிறந்தது, வெள்ளம் வந்தது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு அவ்வளவு சுலபத்தில் தப்பாது.

புகைப்படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உதவியது. தாப்பாவில் இருந்த ஒரு ஸ்டூடியோவின் முத்திரை அதில் மங்கலாக இருந்தது. கூடவே அத்தைக்கு ஞாபகமிருந்த ஒரு வாக்கியம்: "ஏழாங்கட்டையில இருந்தப்பதான் எங்கம்மா செத்துப்போச்சு" என்று அப்பாயி சொல்வாராம். கட்டை என்றால் மைல்கல். மலாயாத் தமிழர்கள் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்களை விட்டுவிட்டு, இடங்களைக் கட்டைக் கணக்கில்தான் சொன்னார்கள். ஆனால் எந்த ஊரிலிருந்து ஏழு, எந்த ரோட்டில்? அது தெரியாவிட்டால் ஒவ்வொரு ரோட்டிலும் ஒரு ஏழாங்கட்டை இருக்கிறது.

நடுத்தோட்டம் ஏன் இப்படி மறந்துபோகிறது? மறக்க நினைத்தவை அங்கேதான் நடந்தன என்பது ஒரு காரணம். சம்பளம் வெட்டப்பட்டது அங்கே. சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்தபோது கீழ்நாட்டுத் தோட்டங்களின் லயங்கள்தான் காலியாயின. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் பெயரும் படைப்பிரிவும் பொறித்த கற்களின் கீழ் கிடக்கிறார்கள். அதே தண்டவாளத்தில் செத்த பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படியொரு பெயர்ப்பட்டியல் கிடையாது. போனவர் வரவில்லை, மனைவி இன்னொருவரோடு வேறு தோட்டத்துக்குப் போனார், பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் புது அப்பா பெயர் வந்தது. பேரப்பிள்ளைகளிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

இன்னொரு காரணம், அந்த இடங்களே இல்லை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பல தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. 1960இல் துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைத் தடுக்கத்தான். டின்னில் இருந்த பாஸ்புக் அதுதான். வீட்டில் இந்தப் பாஸ்புக் இருந்தால் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். சேர்ந்தபோது எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்ற தடயம் அதில் கிடைக்கலாம். சேமநிதிக் காகிதமும் அப்படித்தான். 1951இல் அந்த நிதி தொடங்கியதிலிருந்து யாரிடம் வேலை செய்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் ஊராரையும் உறவினரையும் சாதியாரையும்தான் கூட்டிவந்தார். அதனால் நம் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் பக்கத்து லயத்துக்காரரின் ஊர் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி. ஆனால் பழைய காகிதத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால் இன்றைய சேலத்தில் மட்டும் தேடக்கூடாது. தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் அதிலிருந்து பிரிந்தவை. திருச்சி என்றால் பெரம்பலூர், கரூர்ப் பக்கமும் பார்க்க வேண்டும். கங்காணியைத் தேடினால் சாதியும் கூடவே வரும், தலைக்காசு வாங்கிக்கொண்டு சொந்தக்காரனையே வேலை வாங்கியவர் நம் பாட்டனாக இருக்கவும் கூடும். அதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஏரோகிராம் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் அப்பாயியின் தம்பி. இங்கே பிறந்தவர்தான், ஆனால் குடியுரிமை வாங்காமலே இருந்துவிட்டார். கையில் சிவப்பு அடையாள அட்டை. 1968இல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அது கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள், அவரும் ஏறினார். கண்ணால் பார்க்காத ஊருக்குத் 'திரும்பி'ப் போனார். வம்சாவளி தேடுவது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று பலர் சிரிக்கிறார்கள். ஒரு பிறப்புப் பத்திரத்தைச் சரியான நேரத்தில் சரியான மேசையில் வைக்க முடிகிறதா இல்லையா என்பதில்தான் எங்களில் பலரின் நாடே தீர்மானமானது.

மலேசியாவில் நம் பெயரோடு அப்பா பெயர் ஒட்டியே வருகிறது. அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான், அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். அதனால் ஆண்வழியில் ஏறுவது ஓரளவு சுலபம். அம்மா அந்தச் சங்கிலியில் கிடையாது. என் அப்பாயியின் அப்பா பெயர் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஏழாங்கட்டையில் செத்துப்போன அம்மாவின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. அப்பாயியும் 'எங்கம்மா' என்றுதான் சொல்வார்.

பிறப்புப் பத்திரத்தில் மட்டும் தாய்க்கு ஒரு கட்டம் உண்டு. அப்பாயிக்குப் பத்திரம் இல்லை. ஆனால் நாட்டைவிட்டுப் போன தம்பி தன்னுடையதை எடுத்துப் போயிருந்தார். ஏரோகிராம் முகவரிக்கு நான் போட்ட கடிதத்துக்கு எட்டு மாதம் கழித்து அவருடைய பேத்தியிடமிருந்து பதில் வந்தது, கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தோடு. பிறந்த வருடம் 1931. பிறந்த இடம் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தாப்பா அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

தாயின் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய கிராணியின் கையெழுத்து, அதனால் மூன்று விதமாக வாசிக்கலாம். அதை இங்கே எழுதவில்லை. அத்தை இன்னும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஈப்போவுக்குப் போய் அவரிடம் மூன்றையும் சொல்லிப் பார்க்கப் போகிறேன். தன் அக்காவுக்கு வைத்த பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.