தோழிக்குக் கேக் அடித்த காலங்கள்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேக்கைச் செய்வதில்லை, அடிப்போம். பட்டரையும் சீனியையும் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றி, சீனி கரைந்து கலவை வெளுக்கும்வரை அடிப்பதுதான் அதில் பெரிய வேலை. அந்த வேலையின் பெயரே பலகாரத்தின் வினையாகிவிட்டது. ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் கரண்டியை வாங்க வேண்டும் என்பதால், விடுதியில் இது என்றைக்கும் கூட்டு முயற்சியாகவே இருந்திருக்கிறது.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதிபர்களையும் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பற்றி எழுதத் தகுதியானவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1992இல் க.பொ.த. சாதாரண தரம் எழுதிய வகுப்பினரான நாங்கள், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு மற்றவர்கள் சேர்ந்து இனிப்புச் செய்யும் வழக்கமே அது. அந்த இனிப்பில் என்ன இருந்தது, என்ன இல்லாமற் போனது என்று பார்த்தால் நாடு கடந்து வந்த காலங்கள் தெரியும்.

பிறந்தநாளுக்குக் கேக் என்பது எங்கள் பாட்டிமாருக்குத் தெரியாத வழக்கம். அவர்களுடைய பிறந்தநாள் நட்சத்திரப்படி வந்தது. கோயிலில் அருச்சனை, வீட்டில் பொங்கல் அல்லது பாயசம், அவ்வளவுதான். விடுதியில் இருந்த பிள்ளைக்கு வீட்டிலிருந்து பயற்றம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் தகரத்தில் வரும். கேக் வந்த வழி வேறு. 'போறணை', 'பாண்', 'குசினி', 'விசுக்கோத்து' ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் காலத்தின் மிச்சங்கள். ரவை, முந்திரிப்பருப்பு, முட்டை, பன்னீர், வாசனைத் திரவியங்கள் சேர்ந்த லவ் கேக்கிலும் அந்தக் கலப்பு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் மிசன் பாடசாலைகளும் மனையியல் வகுப்புகளும் கேக்கை நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தன. 1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் வெளிவந்தபின், இறாத்தலும் அவுன்சுமாக அளவுகள் பல வீட்டு அலுமாரிகளுக்குள் வந்து சேர்ந்தன.

எங்கள் மூத்த சகோதரிகள் சொல்லும் கேக் இந்தக் காலத்துக்குரியது. வீட்டில் அவன் கிடையாது. கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பாண் சுட்டு முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் அது வேகும். தீப்பெட்டி அளவில் வெட்டி, ஒயில் பேப்பரில் சுற்றினால் வகுப்புக்கே போதும். விடுதிக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால், சைவப் பிள்ளைகள் முட்டை சாப்பிடமாட்டார்கள் என்பதற்காகக் கேக் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். கிறிஸ்தவத் தோழியின் பிறந்தநாளுக்கும் அதே சட்டந்தான்.

முதலாவது பெரிய தட்டுப்பாடு 1970களில் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு; பாணுக்கும் மாவுக்கும் வரிசை; சீனி பங்கீட்டு அளவில் மட்டும். குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர்கள் கையில் காசு புழங்கியது. ஆனால் அந்தக் காசுக்கும் பட்டர் கிடைக்கவில்லை. அக்காலத்து அக்காமார் குரக்கன் மாவையும் அரிசி மாவையும் பனங்கட்டியையும் கொண்டு பிறந்தநாளை ஒப்பேற்றினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. மாவும் மாஜரினும் மறுபடி தாராளமாகின. ஐசிங் பூவும் ரிபன் கேக்கும் சாதாரண வீடுகளுக்கு வந்தன. நாங்கள் பள்ளியில் காலடி வைத்தது அந்தக் கேக்குகளின் காலத்தில்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. பாதை மூடியது. மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில் அல்ல, துளிக் கணக்கில் செலவாகியது. சங்கக்கடையில் நிவாரண மா வரும், வராமலும் போகும். மாஜரினை நாங்கள் மறந்தே போனோம். அந்த ஐந்து வருடமும் விடுதியில் ஒருத்தியின் பிறந்தநாளும் தவறவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம்.

எப்படிச் செய்தோம்? சீனிக்குப் பதில் பனங்கட்டி. பட்டருக்குப் பதில் தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும். வெனிலாவுக்குப் பதில் ஏலக்காய். இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டரும் சீனியும் சேர்த்து அடிக்கும்போதுதான் காற்று உள்ளே புகுந்து கேக் எழும்பும். பனங்கட்டியும் எண்ணெயும் அப்படிக் காற்றைப் பிடித்து வைக்காது. ஆகவே முட்டையை நுரைக்க அடித்து, அப்பச்சோடாவைத் தேசிக்காய்ப் புளியுடன் சேர்த்து, அந்த வாயுவால் எழுப்பினோம். இதை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் இரசாயனவியல் ஆசிரியை. செய்துகாட்டியவர் விடுதிச் சமையலம்மா. முட்டை ஊர்க்கோழியுடையது. ஒருத்தி ஒன்று, மற்றவள் ஒன்று என்று உமிக்குள் புதைத்துக் கொண்டுவருவோம்.

போறணைக்குப் பதில் மணற்சட்டி. பெரிய சருவச்சட்டியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பிச் சூடாக்கி, கேக் தட்டை அதன்மேல் வைத்து மூடுவோம். மூடியின்மேல் சிரட்டைத் தணலும் ஊமல் தணலும். கீழே மணல் சூட்டைச் சமமாகப் பரப்பும். மேலே தணல் முகத்தைச் சிவக்க வைக்கும். வந்த கேக் கறுப்பு நிறம், சற்றுப் பாரம். நத்தார்க் கேக்கைப் போல இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம்.

மெழுகுதிரி கிடைத்தாலும் அது இரவுப் படிப்புக்குரியது. ஆகவே கேக்கின் பக்கத்தில் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கை வைத்தோம். விளக்கை ஊதி அணைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அது எரிந்தபடியே இருக்கும். பிறந்தநாள்காரி கேக்கை வெட்டுவாள். பிறகு அதே வெளிச்சத்தில் எல்லோரும் புத்தகத்தை விரிப்போம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எங்கள் வகுப்பும் அந்தச் சனத்துக்குள் சிதறியது. அடுத்த வாரம் எங்களில் ஒருத்தியின் பிறந்தநாள். ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த ஐந்து பேர் எப்படியோ அவளைத் தேடிப் பிடித்தோம். சட்டியும் இல்லை, முட்டையும் இல்லை. யாரோ தந்த வறுத்த அரிசிமாவில் பனங்கட்டியையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து ஆறு உருண்டை பிடித்தோம். எங்களுக்கும் அவளுக்குமாக எண்ணிப் பிடித்த ஆறு. அவள் தன்னுடையதைப் பக்கத்துப் பாயில் இருந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அதன்பின் அவள் குடும்பம் வன்னிக்குப் போயிற்று. இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவது கடிதத்தில், அங்கே அயற்பிள்ளைக்கு மணற்சட்டியில் கேக் அடித்துக் கொடுத்ததாக எழுதியிருந்தாள். 2009க்குப் பின் அவளைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. அவள் கையால் எழுதிய அளவுக் குறிப்புத்தான் எங்களில் பலரிடம் பிரதியாக இருக்கிறது.

2002இல் ஏ9 பாதை திறந்தது. அவனும் வந்தது, பெட்டியில் கடைக் கேக்கும் வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியபோது தங்கைமார் மணற்சட்டியைத் தேடி எடுத்தார்கள். 2022இல் எரிவாயுவுக்கு வரிசை நின்றபோது அது கொழும்புக் குசினிகளுக்கும் போயிற்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உள்ள எங்கள் தோழியருக்குப் பட்டருக்கோ சீனிக்கோ குறைவில்லை. ஆனாலும் ஐம்பதாவது பிறந்தநாளை எட்டும் எங்கள் வகுப்பினர் ஒருவருக்கொருவர் அடித்துக் கொடுப்பது இந்தக் கறுப்புக் கேக்கைத்தான். பஞ்சத்தின் சமையல் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கையில் இருப்பதைக் கொண்டு மற்றவளின் நாளைக் கொண்டாடலாம் என்பதை எமது பள்ளி எங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. விடுதிக் குசினியில் பழக விட்டது. அதற்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தக் குறிப்பை இங்கே அச்சேற்றுகிறோம். வறுத்த ரவை 2 கோப்பை, கோதுமை மா அரைக் கோப்பை, தூளாக்கிய பனங்கட்டி ஒன்றரைக் கோப்பை, தடித்த தேங்காய்ப்பால் 1 கோப்பை, தேங்காயெண்ணெய் கால் கோப்பை, முட்டை 3, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 1 மேசைக்கரண்டி, ஏலக்காய் 6, உப்புச் சிறிது. பனங்கட்டியைத் தேங்காய்ப்பாலில் கரைத்து வடித்து, ரவையை அதில் ஒரு மணித்தியாலம் ஊறவிடவும். எண்ணெய், மா, ஏலக்காய், உப்புச் சேர்க்கவும். முட்டையை நன்றாக நுரைக்க அடித்துக் கலக்கவும். சோடாவையும் புளியையும் கடைசியில் சேர்த்து, தாமதிக்காமல் எண்ணெய் பூசிய தட்டில் ஊற்றவும். சூடேறிய மணற்சட்டியில் முக்கால் மணித்தியாலம் அளவு. ஈர்க்கு குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். அவனில் செய்பவர்கள் நடுத்தரச் சூட்டில் வைக்கலாம்.

குறிப்பின் அடியில் அவள் எழுதிய விதி ஒன்றும் உண்டு: பிறந்தநாள்காரி கரண்டியைத் தொடக்கூடாது.