அழுகண்ணிக்குள் ஒரு கண்ணி

மீன்வலை வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது கண்ணின் அளவைத்தான். சின்னக் கண்ணா, பெரிய கண்ணா? ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் வலை வீசுகிறவர் ஆனாலும், நாகப்பட்டினத்துக் கடலோடி ஆனாலும் நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குக் கண் என்றே பெயர். கௌதாரிக்கும் காடைக்கும் வைத்த கண்ணி இந்தக் கண்ணிலிருந்து பிறந்தது என்பது என் கணிப்பு. ஒரே ஒரு கண் உள்ள வலைதானே கண்ணி? தலை உள்ளே போனதும் அந்தக் கண் இறுகிவிடும். வேட்டை போனபின்னும் கண்ணிவெடியில் சொல் பிழைத்திருக்கிறது. தலையில் சூடும் பூமாலையும் கண்ணி, தாயுமானவரின் பராபரக்கண்ணியில் வரும் ஈரடியும் கண்ணி. அந்தப் பக்கம் போனால் கட்டுரை திரும்பி வராது.

நான் தேடுவது அழுகண்ணியை. சித்த மருத்துவ மரபில் அழுகண்ணி, தொழுகண்ணி என்று இரட்டையாகவே சொல்லப்படும் மூலிகை. மீனாட்சியை அங்கயற்கண்ணி ஆக்கிய அதே அச்சில் வார்த்த சொல் இது: அழுகிற கண்களை உடையவள். தொழுகண்ணி என்பது தாவரவியலார் கோடாரியோகாலிக்ஸ் மோட்டோரியஸ் என்று எழுதுகிற செடி. அதன் சிற்றிலைகள் காற்றில்லாத வேளையிலும் தாமாக அசையும். ஜகதீஷ் சந்திர போஸ் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடிகளில் அதுவும் ஒன்று. இலை தொழுவது சரி, கண் எப்படித் தொழும்? அழுகண்ணிக்கு எதுகை தேடியவர் வைத்த பெயராகத்தான் எனக்குப் படுகிறது. அப்படியானால் இரண்டில் மூத்தவள் அழுகண்ணி.

சித்த மருத்துவர்களும் தாவரவியலாரும் அழுகண்ணி என்று பெரும்பாலும் காட்டுவது டிரோசீரா இனத்துச் செடிகளை. தென்னிந்தியச் சமவெளிகளில் இரண்டு வகை உண்டு. டிரோசீரா பர்மானீ தரையோடு தரையாக, ஒரு நாணய அளவில், சிவந்த வட்டமாகப் படர்ந்திருக்கும். டிரோசீரா இண்டிகா நிமிர்ந்து நின்று நூல்போன்ற இலைகளை நீட்டும். உதகை, கொடைக்கானல் உயரங்களில் மூன்றாவதாக ஒன்றும் வளர்கிறது. எல்லாவற்றுக்கும் பொது அடையாளம், இலை முழுக்க மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி. காலைப் பனி என்று நினைத்து மதியம் போய்ப் பார்த்தாலும் துளி காயாமல் இருக்கும். பெயர் வைத்தவரை உலுக்கியது இந்தக் காயாத ஈரம்தான்.

துளி கண்ணீர் அல்ல, கோந்து. ஓசூர் வட்டாரத்து ரோஜாப் பசுமைக்குடில்களில் வெள்ளை ஈயைப் பிடிக்கத் தொங்கவிடும் மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பார்த்தவர்களுக்கு முதல் பாதி உடனே புரிந்துவிடும்: மினுக்கத்துக்கு வரும் பூச்சியின் கால் ஒட்டும், உதறினால் இறகும் ஒட்டும். அட்டையின் வேலை அதோடு முடிந்தது. அழுகண்ணிக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. பூச்சியின் துடிப்பை உணர்ந்த மயிர்கள் உள்நோக்கி வளைந்து அதை இலையின் நடுவுக்குத் தள்ளுகின்றன. பர்மானீயின் ஓர மயிர்கள் சில நொடிகளிலேயே மடங்கிவிடும். இந்த இனத்தில் இவ்வளவு வேகம் அரிது. நடுவிலுள்ள சுரப்பிகள் அமிலமும் செரிமான நொதிகளும் கலந்த நீரைச் சுரக்க, பூச்சியின் சதை சில நாட்களில் கரைந்து இலைக்குள் போய்விடும். மிஞ்சுவது வெற்று ஓடு. இலையில் இவ்வளவு நடந்தாலும் பூவை மட்டும் உயர்ந்த காம்பின் உச்சியில் தூக்கி வைத்திருக்கிறது செடி. மகரந்தம் கொண்டுவரும் பூச்சி கொலைக்களத்துக்கு எட்டத்தில் வந்து போகலாம்.

பசிக்காகப் பூச்சி தின்கிறது என்று சொல்வது பாதி உண்மை. மற்ற செடிகளைப்போலவே வெயிலைக்கொண்டு மாவுச்சத்தைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதற்குக் கிடைக்காதது தழைச்சத்து. சரளையும் மணலுமாக, நீர் கசிந்து சத்தெல்லாம் அடித்துப்போன நிலத்தில் வளர்வதால் அந்தக் குறையைப் பூச்சியை வைத்து ஈடுகட்டுகிறது.

சொல்லுக்கு வருவோம். வடமொழியில் ருதந்தி என்றாலும் அழுகிறவள்தான். ஆனால் ருதந்தி என்று வடநாட்டு வைத்தியர் பலர் கொள்வது உவர்நிலத்தில் வளரும் கிரெஸ்ஸா கிரெடிகாவை. அதன் இலையும் உப்புநீரைக் கசியவிடும். மருந்துச் சந்தையில் ருதந்தி என்று விற்பதோ கப்பாரிஸ் மூனீ என்ற வேறொரு கொடியின் காய். அது அழுவதே இல்லை. அழுகிறவள் என்ற ஒரே பெயர் மூன்று செடிகளில் ஏறி இறங்கியதற்குக் காரணம் இந்த மூலிகைக்கு இருந்த மவுசு என்று நினைக்கிறேன். டிரோசீரா தங்க பற்பம் செய்யப் பயன்பட்டதாகப் பதிவுகள் உண்டு. உலோகத்தைப் பொன்னாக்கும் வாதவித்தையோடு தொடர்புபட்ட மூலிகைக்குப் பெயர் எல்லோருக்கும் தெரியும், செடி சிலருக்கே தெரியும். அழுகணிச் சித்தர் என்ற பெயரையும் இந்தச் செடியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் பாடல்களின் ஒப்பாரிச் சாயலே அந்தப் பெயருக்குப் போதும் என்பது என் கட்சி.

ஐரோப்பியரும் இதே துளியில்தான் மயங்கினார்கள். கிரேக்கத்தில் பனி படிந்தது என்று பொருள்படும் சொல்லிலிருந்து லின்னேயஸ் டிரோசீராவை எடுத்தார். அதற்கு முன்பு லத்தீனில் ரோஸ் சோலிஸ், சூரியனின் பனி. அதைப் போட்டுக் காய்ச்சிய மதுவும் அந்தப் பெயரிலேயே ஓடியது. அந்தப் பெயரை அப்படியே பெயர்த்துச் 'சூரியப் பனித்துளி' என்று தமிழில் எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டில் அழுகண்ணி இருக்க எதற்கு இந்த இரவல்? மராத்தியில் டிரோசீரா தவ்பிந்து, அதாவது பனித்துளி. சாத்தாரா பக்கத்துக் காஸ் பீடபூமியில் ஊதா விரிப்பாகப் பூக்கும் யூட்ரிகுலேரியாவுக்குச் சீதையின் கண்ணீர் என்று பெயர். அதே இனத்துப் பூவை மலையாளிகள் காக்கப்பூ என்று பறித்து ஓணக் கோலத்தில் வைப்பார்கள். அந்தப் பூவின் அடியில், ஈர மண்ணுக்குள், மில்லிமீட்டர் கணக்கில் பைகள் இருக்கின்றன. பைக்குள்ளிருந்து நீரை வெளியேற்றிச் செடி காத்திருக்கும். வாசல் மயிரில் ஒரு நுண்ணுயிர் இடித்தால் கதவு திறந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நீரோடு அதை உள்ளே இழுத்துவிடும்.

பனி, கண்ணீர், காக்கை. தின்பதை யாரும் பெயரில் வைக்கவில்லை. விதிவிலக்கு மேகாலயா. அங்கு வளரும் நெப்பந்தஸ் காசியானா என்ற குடுவைச்செடியைக் காரோ மக்கள் மேமாங் கோக்ஸி, பேயின் கூடை, என்கிறார்கள். காசி மொழியில் அது அரக்கப் பூ. குடுவைக்குள் செத்து மிதக்கும் பூச்சிகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. நெப்பந்தஸ் என்ற பெயரோ ஹோமரின் காவியத்தில் ஹெலன் மதுவில் கலக்கும், துயர் மறக்கச் செய்யும் மருந்திலிருந்து வந்தது. அதையும் வைத்தவர் லின்னேயஸ்தான். செடி பூச்சியைக் கொன்று தின்னும் என்று 1769இல் ஜான் எல்லிஸ் வீனஸ் பூச்சிப்பொறியைக் காட்டி எழுதியும் லின்னேயஸ் ஏற்கவில்லை. 1875இல் டார்வின் தம் சோதனைகளைப் புத்தகமாக்கிய பிறகே உலகம் நம்பியது. பூச்சியுண்ணும் தாவரம், ஊனுண்ணித் தாவரம் என்று நாம் எழுதுவதெல்லாம் அதற்குப் பின் வந்த பாடநூல் சொற்கள். அழுகண்ணியில் கண்ணி என்ற பொறி ஒலிப்பது தற்செயல். சொன்னவர்கள் கண்ணைத்தான் நினைத்தார்கள். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒரே கண் என்றால், அந்தத் தற்செயலை நான் இழக்கத் தயாரில்லை.

கெலவரப்பள்ளி அணை நீரில் இந்தப் பூச்சியுண்ணும் செடிகளை எதிர்பார்க்க வேண்டாம். நந்தி மலையில் பிறந்து, கன்னடத்தில் தட்சிண பினாகினி என்று பெயர் பெற்று வரும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் ஏந்திக்கொண்டு இங்கே வருகிறது. மதகு திறந்தால் ரசாயன நுரை பொங்கும் படங்கள் ஆண்டு தவறாமல் செய்தியில் வருகின்றன. சாக்கடைச் சத்து நிறைந்த நீர் ஆகாயத்தாமரைக்கு விருந்து. ஏழை மண்ணுக்கென்றே உடம்பை அமைத்துக்கொண்ட செடி அங்கே வெயிலுக்கான போட்டியிலேயே தோற்றுவிடும். பெங்களூரு நர்சரிகளிலோ இணையத்திலோ வீனஸ் பூச்சிப்பொறி வாங்கி வருகிறவர்களும் சத்தை அள்ளிக் கொட்டும் இதே தவற்றைத் தொட்டியில் செய்கிறார்கள்: தொழுஉரம், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர். அதற்கு வேண்டியது சத்தில்லாத மண்ணும் மழைத்தண்ணீரும் நல்ல வெயிலும்தான். வேரில் உரம் வைத்தால் செடி கருகும்.